நிற்கிற கால்

அக்டோபர் 5, ஞாயிறு

பிசியோ தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன பயிற்சி செய்தாய், எங்கே வலித்தது, அவ்வளவு போதும் என்றார். எங்கேயும் வலிக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது. அதையும் எழுதலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். எழுதுகிறேன்.

இன்றிலிருந்து மொட்டை மாடியில் ஷாட் பயிற்சி. மொட்டை மாடி என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனில் பாதி வீடு, பாதி வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் ஒரு மூலையைத் தண்ணீர் டேங்க் எடுத்துக்கொண்டது. நடுவில் துணிக்கொடி. கைப்பிடிச் சுவர் ஓரமாக வீட்டுக்கார அம்மாவின் ரோஜாத் தொட்டிகள். மிஞ்சிய இடத்தில் ஒரு ஆட்டோவை நிறுத்தலாம், திருப்ப முடியாது.

டேங்குக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் கோல் போஸ்ட் வரைந்து, மூலைகளில் வட்டம் போட்டேன். உள்பாதத்தால் தட்டி வட்டத்துக்குள் அனுப்ப வேண்டும். ஓடி வந்து அடிக்க இடம் கிடையாது. ஃபார்வர்டாக ஆடுகிறவள் நின்ற இடத்திலிருந்தே தட்டிப் பழகினால் எங்கே உருப்படுவது?

சாயங்காலம் மேகலா அக்கா ஃபோன் செய்தார். எங்கள் அணியின் கோச். ஸ்டேடியத்தில் பொருட்காட்சி போட்டுவிட்டதால் பயிற்சி தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறது, வந்துவிடு தில்லை, டிசம்பர் நடுவில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார். மணல் முட்டிக்கு ஆகாது என்று சொன்னேன். மணலில் நடந்தால் நல்லது என்றுதான் பிசியோ சொல்லியிருந்தார். ஆனால் நடப்பது வேறு, விளையாடுவது வேறு.

அக்டோபர் 7

பந்து மூன்று தடவை பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்தது. மூன்றாவது தடவை அவர்கள் எடுத்துப் போடவில்லை.

அக்டோபர் 11, சனி

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் கோதண்டம் சார் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். நான் பந்தைத் தட்டும் இடம் அவருடைய கரும்பலகைக்கு நேர் மேலே இருக்கிறதாம். கட்டின ஆளைக் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால்?

முதலில் ஒட்டடைக் குச்சியால் கீழேயிருந்து இடித்தார். நான் நிறுத்தாததால் படியேறி வந்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு வாங்க, ரொம்ப மரியாதையாகவே பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல். பிள்ளைகள் கவனம் சிதறுகிறதாம். மேலே சத்தம் வந்ததும் எல்லாரும் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்களாம். மத்தியானம் டியூஷன் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளம்மா என்றார்.

மத்தியானம் தளம் எப்படிக் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியாது. சரி சார் என்று சொன்னேன். அவர் படியிறங்கிப் போன பிறகு பந்தை ஒரு உதை உதைத்தேன். துணிக்கொடியில் காய்ந்த அம்மாவின் யூனிஃபார்ம் புடவையில் பட்டு ரோஜாத் தொட்டியில் விழுந்தது. அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அந்தப் புடவையில் கறை இருந்தால் கேட்பார்கள். மறுபடி துவைத்துப் போட்டேன். இன்றைய பயிற்சி அதோடு முடிந்தது.

அக்டோபர் 16

நேற்று அப்பா வந்திருந்தார். லாரியில் போனால் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும். வரும்போது ஒரு பழைய ஸ்கூட்டர் டயர் கொண்டுவந்தார். சுவரில் அடித்தால்தானே சத்தம் என்று சொல்லி, டயரைத் துணிக்கொடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் பழைய ஜமுக்காளத்தை மாட்டினார். டயருக்குள் பந்து போனால் ஜமுக்காளத்தில் பட்டு அப்படியே விழுகிறது. சத்தமே இல்லை. யோசனை நல்லதுதான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஓடி வர இடமில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததைக் கேட்டுவிட்டு, வீட்டுக் கதவை விரியத் திறந்து, உள்ளே கட்டிலை நிமிர்த்திச் சாய்த்துவைத்து, சமையலறை வாசலிலிருந்து டயர் வரைக்கும் நேராக ஒரு வழி பண்ணிக் கொடுத்துவிட்டார். "இப்ப ஓடி வந்து அடிம்மா, பாக்கலாம்" என்று கைகட்டி நின்றார்.

தளத்தில் பாசி இருக்கிறது, வழுக்கும் என்றேன். உடனே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார். காய்வதற்குள் இருட்டிவிட்டது. நாளைக்கு அடிக்கிறேன் என்றேன். இன்று காலையில் அவருக்கு லோடு வந்துவிட்டது.

கட்டிலை மறுபடி போட்டாயிற்று. தினமும் கட்டிலைத் தூக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அக்டோபர் 20, தீபாவளி

தீபாவளி என்றால் பிரிசில்லா வருவாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு நான் முதுநகரில் அவள் வீட்டுக்குப் போவேன், தீபாவளிக்கு அவள் அதிரசம் சாப்பிட இங்கே வருவாள். எங்கள் அணியில் அவள் டிஃபென்ஸ், நடுவில் நிற்பாள். எதிரணிக்காரிகள் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

இன்றும் வந்தாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். தூங்குகிறாள் என்று சொல்லும்படி அம்மாவிடம் சைகை காட்டினேன். விடியற்காலையில் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் நிஜமாகவே கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. அவள் அதிரசம் சாப்பிடாமல் டப்பாவில் வாங்கிக்கொண்டு போனாளாம். "ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு வந்தா என்னடி" என்று அம்மா கேட்டாள். ஒன்றும் இல்லை. தூக்கம்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பிப்ரவரியில் நடந்தது பயிற்சி ஆட்டம். நான் பந்தோடு கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸுக்குள் போனேன், அடிப்பதற்காக இடது காலை ஊன்றினேன், அவள் சறுக்கி வந்து பந்தைத் தட்டினாள். பந்தைத்தான் தட்டினாள். அதற்கப்புறம் அவள் உடம்பு என் காலில் மோதியது. ஃபவுல்கூட இல்லை. முட்டிக்குள் ஜவ்வு அறுந்தது எனக்குச் சத்தமாகவே கேட்டது. ஆஸ்பத்திரியில் பெட்டுக்குப் பக்கத்தில் நின்று அவள் அழுதபோது நான்தான் சமாதானம் சொன்னேன். பிறகு எப்படிக் கோபம் இருக்கும்?

ஒரு ரவுண்டு சரவெடி முழுக்க நமுத்துப்போயிருந்தது. அப்பா ஊரில் இல்லாத தீபாவளி இப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 28

மழை. வீட்டுக்குள்ளேயே பயிற்சி. மெத்தையைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து, காற்றுக் குறைத்த பந்தால் அடித்தேன். உள்பாதம், வெளிப்பாதம், நுனிக்கால். நுனிக்காலால் அடித்தது மேலே எழும்பி டியூப் லைட்டில் பட்டது.

அம்மா நைட் ஷிப்ட் முடிந்து வந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 4

மழை. ஜமுக்காளம் நனைந்து நாறுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

மேகலா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். பொருட்காட்சி முடிந்து ஸ்டேடியத்தைத் திரும்பக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது, ஏன் வரவில்லை என்று கேட்டார். மைதானம் முழுக்க ஆணியும் ஐஸ்கிரீம் குச்சியுமாகக் கிடக்கும் என்று கேள்விப்பட்டேன் என்றேன். "பொறுக்கிட்டோம்" என்றார்.

மாடியில் செய்வதைக் காட்டு என்றார். காட்டினேன். டயருக்குள் வரிசையாக விட்டேன். வெளிப்பாதத்தில் சுழற்றிக்கூட விட்டேன். ஒரு மாதம் முன்னால் இதெல்லாம் எனக்கு வராது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை, என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தில்லை, அடிக்கிற காலு நல்லா இருக்கு. நிக்கிற காலுதான் இல்ல" என்றார்.

புரியவில்லை என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டினார். பந்துக்குப் பக்கத்தில் இடது காலை ஊன்றி, முட்டியை மடக்கி, மொத்த உடம்பும் அந்தக் காலில் இறங்கின பிறகுதான் வலது கால் வீசுகிறது. உன் இடது கால் சுடுகிற தரையில் நிற்கிற மாதிரி நிற்கிறது, அதனால்தான் எல்லாம் தட்டலாகவே இருக்கிறது, உதை இல்லை என்றார்.

இந்த இடத்தில் அப்படி ஊன்றி அடித்தால் ஜமுக்காளம் கிழியும், பந்து கடலுக்குப் போகும், கோதண்டம் சார் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார் என்றேன். இடம் இவ்வளவுதான் அக்கா, நான் என்ன செய்ய? அவர் சிரித்துவிட்டு, அதனால்தான் மைதானத்துக்கு வா என்கிறேன், நாளைக் காலை ஆறு மணி என்றார்.

படியிறங்கும்போது, பிரிசியும் இப்போது சரியில்லை, நீ பேசுகிறாயா அவளோடு என்று கேட்டார். மெசேஜ் பண்ணுவாள் என்றேன். அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் நிறைய இருக்கின்றன. கேட்க நேரமில்லை.

காபி போட்டுக் கொடுக்கக்கூட இல்லை. பால் தீர்ந்திருந்தது.

நவம்பர் 10

போகவில்லை. அம்மாவுக்குத் தலைவலி, தனியாக விட்டுப் போக முடியவில்லை. அம்மா எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 18

இன்று டயருக்குள் ஒரு பந்துகூடத் தவறவில்லை. தொட்டிகளுக்கு நடுவில் வைத்து அடித்தேன், டேங்க் பின்னாலிருந்து வளைத்து அடித்தேன், முதுகைக் காட்டி நின்று திரும்பி அடித்தேன். எல்லாம் உள்ளே.

ஒரு சந்தோஷமும் வரவில்லை. டயர் என்ன, ஓடி வந்து தடுக்கப்போகிறதா?

அணியின் வாட்ஸப் குழுவில் பயிற்சி ஆட்டத்தின் வீடியோ போட்டிருந்தார்கள். என் இடத்தில் பண்ருட்டியிலிருந்து வந்திருக்கும் பிளஸ் டூ பெண் ஆடுகிறாள். கோல் அடிக்கிறாள். அடித்துவிட்டு ஓடும்போது இரண்டு கையையும் விரிக்கிறாள். கோல் அடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, டிஃபென்ஸ் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு தடவை பார்த்தேன்.

நவம்பர் 27

புயல் சின்னம். துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. மாடித் தளத்தில் கணுக்கால் வரை தண்ணீர், வடிகுழாயில் ரோஜா இலை அடைத்துக்கொண்டது. கையை விட்டு எடுத்தேன். டயர் காற்றில் ஆடி ஆடிக் கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்துவிட்டது.

அம்மாவுக்கு லீவு. இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே அறையில். நான் மழையைத் திட்டினேன். பிறகு வீட்டைத் திட்டினேன். கோதண்டம் சாரை, டேங்கை, ரோஜாவை. பயிற்சி செய்ய ஒரு முழ இடம் இல்லாத வீட்டில் பிறந்துவிட்டு மாநில அணி எங்கே என்றேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிராமலேயே சொன்னாள்.

"எடம் இல்ல, எடம் இல்லன்ற. எடம் இருக்கிற எடத்துக்கு ஏன் போகல?"

பொருட்காட்சி என்று ஆரம்பித்தேன். "அது முடிஞ்சு போச்சு" என்றாள். மழை என்றேன். "பதினெட்டாம் தேதி வெயில் அடிச்சுது. புடவை காயப்போட்டேன்" என்றாள். உனக்குத் தலைவலி என்றேன். அதற்கு அவள் அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள்.

பிறகு, "எங்க வார்டுல கால் ஒடஞ்சு வந்தவங்க கட்டுப் பிரிச்ச அன்னைக்கு எந்திரிச்சு நிக்கமாட்டாங்க. தரை வழுக்குது, நைட்டி தடுக்குது, நர்சு சரியா பிடிக்கலன்னு சொல்லுவாங்க. பயமா இருக்குன்னு யாராவது சொல்லிட்டா வேலை சுலபம். ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சுக்குவோம்" என்றாள்.

நான் நோயாளி இல்லை என்று கத்தினேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன். பூண்டுக் குழம்பு. அவள் எழுப்பவும் இல்லை.

எனக்கு ஒரு பயமும் கிடையாது.

நவம்பர் 30, ஞாயிறு

புயல் சென்னைப் பக்கம் போய்விட்டது. அம்மா சொன்னதை மட்டும் மண்டையை விட்டு விரட்ட முடியவில்லை. பயமில்லை என்று காட்டுவதற்காகவே காலையில் பூட்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஸ்டேடியத்துக்குப் போனேன். எல்லாரும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். பிரிசி வரவில்லை, தூரத்தில் கோல் போஸ்ட் பக்கம் நின்று சாக்ஸைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

மைதானம் எவ்வளவு பெரியது என்பதே மறந்துபோயிருந்தது. ஈரத் தரை. அக்கா இரண்டு பக்கமாகப் பிரித்து ஆடவிட்டார். என்னை ஒரு பக்கம் ஃபார்வர்டாக, பிரிசியை எதிர்ப்பக்கம். வேண்டுமென்றே செய்தாரா தெரியாது. செய்திருப்பார்.

ரொம்ப நேரம் பந்து என் பக்கமே வரவில்லை. சரியாகச் சொன்னால், பந்து இருக்கும் பக்கம் நான் போகவில்லை. பிறகு ஒன்று தானாக வந்து காலில் விழுந்தது. பாக்ஸுக்குள் போனேன். எதிரே பிரிசி. அதே இடம், அதே மாதிரி. என் முட்டிக்குள் ஏதோ ஒன்று முன்கூட்டியே சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன் என்றுகூட நினைக்கிறேன்.

அவள் விலகிவிட்டாள். கதவைத் திறந்துவிடுகிற மாதிரி ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து வழி விட்டாள். நான் நடந்துபோய் உள்ளே தட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். வந்த முதல் நாளே கோல் என்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிச்சை போடுகிறாளா? ஆட்டம் முடிந்ததும் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பண்ருட்டிப் பெண் அதே வழியாகப் போனாள். பிரிசி அவளுக்கும் விலகினாள். மறுபடியும் ஒருத்தி, மறுபடியும் விலகல். அக்கா கோட்டோரம் நின்று, பிரிசில்லா, போஸ்ட்டுக்குப் பதிலா உன்னை நட்டு வெச்சிருக்கேனா என்று கத்தினார். அப்போதுதான் எனக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த டிஃபென்ஸ் அவள்தான். நாலு தடவை பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் அவளை நிறுத்தினேன். ஏன் விலகினாய் என்றேன். சைக்கிள் பூட்டைத் திறக்கிற மாதிரி குனிந்தே இருந்தாள். பூட்டு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"எனக்கு மட்டுமா, எல்லாருக்கும் வழி விடுறியா?"

"காலை நீட்டுனா அந்தச் சத்தம் கேக்குதுடி" என்றாள்.

எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரிக்குப் பிறகு, காலை நீட்டிப் பந்தைப் பறிக்கிற டாக்கிள் ஒன்றைக்கூடச் சரியாகப் போடவில்லை என்றாள். இந்தத் தேர்வோடு விட்டுவிடப் போகிறேன், அப்பா முதுநகரில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள். மெசேஜில் எல்லாம் சொன்னேனே, நீ கேட்கவில்லையா என்றாள்.

கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து எல்லா மெசேஜையும் கேட்டேன். முதலாவது மார்ச் மாதத்தில் வந்தது.

எனக்குக் கோபம் இருந்தது. எழுதியாயிற்று.

பயமும்தான்.

டிசம்பர் 2

பிரிசியை ஃபோனில் கூப்பிட்டேன். நம் வீட்டு மாடிக்கு வா, விலகுவதற்கு இங்கே இடமே கிடையாது என்றேன். வரமாட்டேன் என்றாள். திரும்பக் கூப்பிட்டேன். வந்தாள்.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ரோஜாத் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் படிக்கட்டுக்கு நகர்த்தினாள். பழைய மெத்தையைத் தளத்தில் விரித்தோம். டயரை மறுபடி கட்டினோம். நான் பந்தோடு வர வேண்டும், அவள் டயருக்கு முன்னால் நின்று பறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. நான் அவளை நெருங்குவதற்கு முன்னாலேயே தட்டிவிடுகிறேன். அவள் காலை நீட்டுகிற மாதிரி நீட்டி இழுத்துக்கொள்கிறாள். நடனப் பயிற்சி மாதிரி இருந்தது. நான் அவளைத் திட்டினேன். முதலில் நீ காலை ஊன்றுடி, ஊன்றாத காலில் எப்படி டாக்கிள் போடுவது என்று அவள் என்னைத் திட்டினாள். அவள் சொன்னது சரிதான், அதனால் இன்னும் கோபம் வந்தது. போடி என்றேன். அவள் போய்விட்டாள்.

டிசம்பர் 4

இன்று அவளாகவே வந்தாள். வந்ததும், ஆபரேஷன் பண்ணின இடத்தைக் காட்டு என்றாள். பேண்டை மடித்துக் காட்டினேன். தழும்பை அவள் பார்த்ததே இல்லை. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். தொடையிலிருந்தே தசைநார் எடுத்து முறுக்கிக் கட்டி ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள், பழையதைவிடக் கெட்டி என்று டாக்டர் சொன்னார் என்றேன். "அவரு சொன்னதை நீ நம்புறியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தெரியவில்லை என்றேன். எனக்கும் தெரியவில்லை என்றாள்.

நடந்தே ஆரம்பித்தோம். நடந்து வந்து, ஊன்றி, நிற்பது. அவள் நடந்து வந்து, காலை என் பந்தின் மேல் வைத்து, நிற்பது. தோளும் தோளும் முட்டும். திரும்பத் திரும்ப அதையே செய்தோம். அப்புறம் கொஞ்சம் வேகமாக. ஒரு தடவை நான் இடது காலை முழுசாக வைத்துவிட்டேன், அவள் காலும் முழுசாக வந்துவிட்டது. பந்து நடுவில் மாட்டிக்கொள்ள, இரண்டு பேரும் சேர்ந்து மெத்தைக்கு வெளியே போய் விழுந்தோம். முழங்கையில் சிராய்ப்பு. அவள் எழுந்திருக்காமல் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மடக்கி நீட்டிக் காட்டினேன். அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது, அழுவதற்கா இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தாள்?

சத்தம் கேட்டு கோதண்டம் சார் மேலே வந்துவிட்டார். இரண்டு பெண்கள் தரையில் கிடந்து அழுவதைப் பார்த்துவிட்டு, சண்டையாம்மா, அப்பாவுக்கு ஃபோன் போடட்டுமா என்றார். இல்லை சார், பயிற்சி என்றேன். அவர் டயரைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், டியூஷன் இருக்கிறது, பார்த்து என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

டிசம்பர் 9

தினமும் காலையில் ஸ்டேடியம், மத்தியானம் மாடி. இரண்டு இடத்திலும் நான் மோசமாகத்தான் ஆடுகிறேன். ஊன்றி அடித்தால் பந்து எங்கேயோ போகிறது. மாடியில் தட்டித் தட்டி வாங்கின குறியெல்லாம் போய்விட்டது. இன்று ஒன்று ஸ்டேடியத்துச் சுவரைத் தாண்டி ரோட்டில் விழுந்தது, பஸ்ஸில் பட்டிருக்கும். பண்ருட்டிப் பெண்தான் ஓடிப்போய் எடுத்து வந்தாள். "செம உதை அக்கா" என்றாள். கிண்டலா என்று பார்த்தேன், இல்லை.

பத்து மாதத்தில் எட்டு வாரத்தை டயருக்குக் கொடுத்துவிட்டேன். அதைத்தான் நினைத்து நினைத்து எரிகிறது.

பிரிசி முந்தாநாள் ஒருத்தியிடமிருந்து பந்தைப் பிடுங்கினாள். அக்கா விசில் ஊத மறந்து நின்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

தேர்வு ஆட்டம் முடிந்தது. முதலில் முடிவை எழுதிவிடுகிறேன். பிரிசி பெயர் இருக்கிறது. பண்ருட்டிப் பெண் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர்கள் மூன்று பேர் ஷாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். கலைத்துப் போட்டுப் பிரித்ததில் நானும் பிரிசியும் மறுபடி எதிரெதிர். எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பை நன்றாக ஊன்றி, முழு பலத்தோடு அடித்தேன். கம்பத்துக்கு மேலே போனது. இரண்டாவது பக்கவாட்டு வலையில் பட்டது. மூன்றாவது கோல்கீப்பர் நெஞ்சுக்கு நேராக, அவள் பின்னால் இரண்டடி நகர்ந்துதான் பிடித்தாள். பத்து மாதமாக ஆடாதவள் ஆடுகிற ஆட்டம்தான் அது. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால், என்று மேகலா அக்கா பிறகு சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு மாதம் எங்கே போனது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாம் பாதி முடியப்போகிற நேரம். வலது ஓரத்திலிருந்து பந்து வந்தது, நான் பாக்ஸுக்குள் வாங்கித் திரும்பினேன். ஊன்றினேன். பிரிசி சறுக்கி வந்தாள். எனக்கு அவள் முகம் தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை. பந்தை அடியோடு வாரிக்கொண்டு போனாள், நான் அவள் மேல் தடுக்கிப் புல்லில் உருண்டேன்.

அக்கா கோட்டைத் தாண்டி ஓடி வருவது தெரிந்தது. அதற்குள் நான் எழுந்து ரெஃப்ரி பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன், கார்னர், கார்னர் என்று கையைக் கோடிக்குக் காட்டிக்கொண்டு. பந்து அவள் காலில் பட்டுத்தான் எல்லைக் கோட்டைத் தாண்டியது, அப்படியென்றால் மூலையிலிருந்து உதைக்கிற உரிமை எங்களுக்கு. அந்த மனுஷன் அவர்களுக்குக் கோல் கிக் கொடுத்தார். நான் வாதாடினேன். மஞ்சள் அட்டை காட்டினார். தேர்வு ஆட்டத்தில் யாராவது மஞ்சள் அட்டை காட்டுவார்களா?

பெயர்களைப் படித்தபோது பிரிசி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் வந்தபோது நான் அழுத்தினேன். கடைசிப் பெயர் வரைக்கும் என்னுடையது வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. இதற்கு ஒரு சமாதானமும் வேண்டாம் எனக்கு.

திரும்பும்போது இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். ஆற்றுப் பாலம் வந்ததும், "அது கார்னர்தான்டி. என் கால்லதான் பட்டுது" என்றாள். அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன். சொன்னால் நீங்கள் கோல் போட்டுவிடுவீர்களே என்றாள். பாலம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். யாரோ ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும், நான் விழுந்ததையும், பெயர் வராததையும். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அது கிடக்கட்டும், முதலில் அந்தக் கார்னர் கதையைக் கேள் என்றேன்.